எல்லைக்கல்லின் மேல் ஒரு குதிரை

செவ்வாய் இரவு. தீயணைப்புக் கொட்டகையின் மாடி.
ஆறு நாற்காலி, ஐந்து பேர், ஒரு அடுப்பு.
அடுப்புக்கு வாங்கிய கரி
போன மாதமே தீர்ந்ததென்று
மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.
வடக்கு டக்கோட்டா, வெல்டன் நகரசபை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது, மார்ச்.
நான் குமாஸ்தா.
மாதம் ஆறு டாலர். மை என் செலவு.

முதலில் நாய் வரி.
கார்மனிடம் நாய் இல்லை, கூட்டலாம் என்கிறார்.
ப்ராட்டனிடம் மூன்று,
அவருக்கு மனசாட்சி குறுக்கே நிற்கிறது.
ஒத்திவைக்கப்பட்டது.

தேவாலயத்தின் எதிரே நடைபாதைப் பலகை உடைந்து
பாதிரியார் மனைவிக்குக் கணுக்கால் பிசகியது.
எந்தக் கணுக்கால் என்று ஒருவர் கேட்டார்.
எதற்கோ. இடது என்று எழுதினேன்.
பலகை இரண்டு வாங்க அனுமதி.
ஆணி இருப்பில் உண்டு.

பிறகு குதிரை.

ஊசி, ரிப்பன், மூக்குக்கண்ணாடி என்று
பண்ணை பண்ணையாக விற்றுவரும் சிரியாக்காரர்
அஸாஃபின் வண்டிக் குதிரை
ரயில் பாதைக்கு வடக்கே
நின்றது, கொஞ்சம் யோசித்தது, விழுந்தது.
விழுந்த இடம்தான் வினை.
தலையும் முன்னங்காலும் நகரசபைக்குள்,
மற்றதெல்லாம் ஹேகன் வட்டத்து மண்.

தலை எங்கேயோ அங்கேதான் சாவு
என்றது வட்டத்தாரின் கடிதம்.
எடையைப் பார்க்கவேண்டும் என்றார் கார்மன்.
அவர் கறிக்கடைக்காரர்.

மேயர் ஸ்க்ரேடே கயிறும் லாந்தரும் கொடுத்து
என்னை அனுப்பினார்.

அஸாஃப் அங்கே நின்றார்.
குதிரை மேல் சாக்கு போர்த்தியிருந்தது.
செத்ததற்குக் குளிருமா என்று
கேட்க வாய் வந்தது.
வால் பக்கம் கயிற்றைப் பிடியுங்கள் என்றேன்.
பிடித்தார்.
மூக்கிலிருந்து எல்லைக்கல் வரை
நாலடி இரண்டங்குலம்.
மூக்கு மயிரில் பனி உறைந்திருந்தது,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

திரும்பி வந்தோம், இருவருமாக.
மண் இன்னும் இரும்பு,
வைக்கோல் எரித்து இளக்கித்தான் தோண்டவேண்டும்,
கஸ் ரூட் கேட்பது நாலே முக்கால் டாலர்.
எங்கள் பங்கு ஒன்று எழுபத்தைந்து.
மீதி மூன்று வட்டத்தார் தரவேண்டியது.
தரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.
ஏகமனதாக நிறைவேறியது.

உரியவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?
மேயர் மரியாதைக்குக் கேட்டார்.

அஸாஃபின் ஆங்கிலம் பெரும்பாலும் விலைதான்:
பத்து சென்ட், பன்னிரண்டு சென்ட், நல்ல துணி, சாயம் போகாது.
தொப்பியைக் கையில் சுற்றினார்.
அதற்குப் பேர் உண்டு, என்றார்.
எழுதிக்கொள்ளுங்கள்.

மேயர் கூரையைப் பார்த்தார்.
கார்மன் கடிகாரத்தை.
விதியில் இடமிருக்கிறதா என்றார் ப்ராட்டன்,
விதியை இங்கே யாரும் படித்ததில்லை.
முன்மொழிய ஆளில்லை.
அடுத்தது சலூன் பியானோ,
இரவு பத்துக்கு மேல்.

படியிறங்கும்போது அவரிடம் எழுத்துக் கேட்டேன்.
உள்ளங்கையில் விரலால்
வலமிருந்து இடமாக எழுதிக் காட்டினார்.
உதவவில்லை. காதால் கேட்டபடி எழுதினேன்.

பேரேட்டில் மூன்று கட்டங்கள்தான்:
யாருக்கு, எதற்கு, எவ்வளவு.
கஸ் ரூட்டுக்கு.
நஜ்மாவைப் புதைத்த வகையில்.
ஒன்று எழுபத்தைந்து.

ஏப்ரலில் மாவட்டத் தணிக்கையாளர் வந்தார்,
ரப்பர் காலணி, பல்வலி.
விரல் அந்த வரியில் நின்றது.
யார் இந்த நஜ்மா?
நகரசபைச் செலவில் எந்தப் பெண்ணைப் புதைத்தீர்கள்?
இறப்புச் சான்று எங்கே?

எல்லைத் தகராறு, என்றேன்.

ஆ, என்றார். எல்லா ஊரிலும் இதே கதைதான்.
பச்சை மையில் சரி போட்டுப்
பக்கத்தைப் புரட்டினார்.

வட்டத்தாரின் மூன்று டாலர்
இதுவரை வரவில்லை.