ஐஸ் பார்

காசிமேட்டில் விடிகாலை மூன்று மணிக்கு
பார் உடைக்கிறவன் நான்.
இருபத்தோரு வருஷம்.
கையுறை போட்டதில்லை, போட்டால் பிடி வழுக்கும்.

குடலில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள்.
மிச்சம் எங்காவது ஒளிந்திருக்கும், அதற்கு மருந்து என்றார்கள்.
மருந்தில் இருப்பது பிளாட்டினம் என்று
சிஸ்டர் ஹெப்சிபா சொன்னதும்
சரளா தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.
கம்மல் சேட்டு கடையில் இருந்தது.
"சவரன் என்ன விலை சிஸ்டர்?" என்றேன்.
அவங்க சிரிக்கவில்லை, நரம்பு தேடிக்கொண்டிருந்தாங்க.

சின்ன டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
இரண்டு நூல், ஒன்றோடொன்று முறுக்கி.
செல் ரெண்டாகணும்னா இந்த முறுக்கு பிரியணும்.
மருந்து போய் அங்கே ஒரு முடிச்சு போடும்.
பிரிக்க முடியாமல் இழுத்து இழுத்து
அதுவே செத்துப்போகும்.

புரிந்தது.
காத்தாடியில் வலை சுற்றினால்
எவ்வளவு பெரிய லாஞ்சும் நின்றுவிடும்.
ஆனால் வலைக்கு வஞ்சிரம் தெரியுமா, சொறி தெரியுமா?
அவசரமாகப் பெருகுவது எல்லாம் அதற்கு ஒன்றுதான்.
வாயின் உள்தோல், குடலின் உள்தோல்,
எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம்.
அதனால்தான் புண். அதனால்தான் பேதி.
அதனால்தான் வெள்ளை அணு குறைந்து
"இந்த வாரம் ஊசி இல்ல, போய்ட்டு வாங்க."
முடி மட்டும் பெரிசாகக் கொட்டவில்லை.
பவர் குப்பத்தில் பாதிப் பேர் நம்பவே இல்லை.

ஒன்றை ரெண்டு தடவை சொன்னார்கள்:
குளிர்ந்ததைத் தொடாதே.
பழக்கம். மறுநாளே போய்
பாரில் கை வைத்தேன்.
மெயின் ஒயரைப் பிடித்த மாதிரி
பத்து விரலிலும் ஏறியது.
பதறி ஒரு மடக்கு கூலிங் சோடா குடித்தேன்,
தொண்டைக்குள் யாரோ ஷட்டரை இறக்கினார்கள்.

கத்திரி வெயிலில் காலுக்கு சாக்ஸ்.
இரும்பு கேட்டைத் துண்டு சுற்றித் திறக்கிறேன்.
நெத்திலிக் குழம்பு கொதித்தால் தெருவுக்கு ஓடுகிறேன்.
நாக்கில் எந்நேரமும் பழைய ஆணி.

எட்டாவது ஊசிக்குப் பிறகு
குளிர் இல்லாமலே விரல் மரத்தது.
அஞ்சு ரூபாயும் ரெண்டு ரூபாயும்
பார்த்தால்தான் தெரியும்.
சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள்,
குறைத்தால் அது திரும்ப வருமோ.
வாசலில் நின்று, உள்ளே போகுமுன்
சட்டைப் பொத்தானைப் போட்டுப் பழகினேன்.

"வெரல் எப்படிப்பா இருக்கு?"
"நல்லாருக்கு சிஸ்டர்."
என் மார்பைப் பார்த்தாங்க.
மூன்றாவது பொத்தான் நான்காவது ஓட்டையில்.
எதுவும் சொல்லாமல் கழற்றி, சரியாகப் போட்டுவிட்டு
சீட்டில் என்னவோ எழுதினாங்க.
"வெரலும் வேணும்ல" என்றாங்க பிறகு.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவுக்கு முன்னால்
ஒழுகிக்கொண்டே ஓர் ஐஸ் வண்டி.
காற்றில் ஒரு சொட்டு முழங்கையில் விழுந்தது.
அண்ணே, கொஞ்சம் தள்ளி ஓட்டுங்க.