முதலில் கடிகாரம்

மூன்று நாள் அந்த இடது கை
போர்வை மேல் கிடந்தது,
யாரோ டிராமில் மறந்துவிட்டுப் போன கையுறை மாதிரி.
நான்தான் அதற்கு நகம் வெட்டினேன்.
பால்டிக் காற்றில் வெடித்த விரல் முட்டிகளுக்கு
வாஸ்லின் தடவினேன்.
சூடாகத்தான் இருந்தது.
அதுதான் தாங்கவில்லை.

எங்கள் லியபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
இருபத்தாறு வருடம் அல்வில்ஸ்
இந்தக் கையால்தான் அதை ஓட்டினான்.
உள்ளங்கைக்குள் பித்தளைக் கைப்பிடி,
ஒரு வெட்டு தள்ளினால் வேகம்,
இழுத்தால் கால்வாய்ப் பாலம்.
கடைசி வண்டியைக் கொட்டகையில் விட்டு
நள்ளிரவு தாண்டி வந்து கதவைத் தட்டுவான்.
யாரது என்பேன், தெரிந்தே.
நான்தான் என்பான்.

நாலாம் நாள், விடியாத நேரம்,
கட்டைவிரல் அசைந்தது.
மறுபடி.
மறுபடி.
கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு,
மணிக்கட்டிலிருந்து முழங்கை,
நிறுத்தம் நிறுத்தமாக ஏறி வந்தது அசைவு.

நான் கைதட்டினேன்.
இதை மகளிடம்கூடச் சொன்னதில்லை.
ஐம்பத்தெட்டு வயதில்,
எத்தனை சோப்புப் போட்டாலும்
புகைமீன் வாடை போகாத இந்தக் கைகளால்,
பிள்ளை முதல் அடி வைத்ததைப் பார்த்தவள் போல்
கைதட்டினேன்.
அசைக்கிறான்! மைகா, ஓடி வா, அசைக்கிறான்!

மைகா ஓடித்தான் வந்தாள்.
அவள் கையைப் பார்க்கவில்லை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
பிறகு அவன் வாயோரத்தை:
அங்கேயும் அதே தாளம்,
கன்னத்தில் தூண்டில் மாட்டி
யாரோ சுண்டிச் சுண்டி இழுப்பதுபோல்.
தலையணையை உருவினாள்,
ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்,
எப்போது ஆரம்பித்தது என்றாள்.
நான் கைதட்டியபோது
என்று சொல்ல வாய் வரவில்லை.

வந்ததிலிருந்து
வலப்பக்கச் சுவரையே வெறித்திருந்த கண்கள்
முதல்முறையாக
நான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பின.
திரும்பி,
என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.
சரக்கு ரயில் கடந்து முடியட்டும் என்று
கேட்டருகே நிற்பவள்போல் நின்றேன்.
கடைசிப் பெட்டி வரவே இல்லை,
வந்தது,
பிறகு அவன் மூச்சு,
மர அறுவையாலை மூச்சு.

வலிப்பு என்றார் டாக்டர்.
சின்னப் பையன், காலர் ஓரம் கசங்கியிருந்தது.
ரத்தம் எட்டாமல் செத்த இடத்தின் கரையில்
காயம்பட்ட நரம்புகள்
நினைத்த நேரத்துக்குப் பொறி விடுமாம்.
முதல் வாரத்தில் வருவது ஒரு கணக்கு,
மாதம் கழித்து வருவது வேறு கணக்கு.
இனி வரும் என்றும் சொல்ல முடியாது,
வராது என்றும்.
மருந்து ஏற்றுகிறோம்.
வலித்திருக்குமா என்று கேட்டேன்.
அவருக்கு நினைவிருக்காது என்றார்.
நான் கேட்டது அது இல்லை.

அன்று முழுக்க அந்தக் கை
முன்னைவிடச் செத்துக் கிடந்தது.
தூக்கினால் தூக்கிய வேகத்தில் விழுந்தது.
உள்ளே வந்து துடுப்பு வலித்த எவனோ
போகும்போது
துடுப்பையும் கொண்டுபோய்விட்டான்.

இனி டிராம் ஓட்ட விடமாட்டார்கள்.
அதை அவனிடம் யார் சொல்வது என்று
மகள் போனில் கேட்டாள்.
ஜன்னல் சாத்தியிருந்தும் தண்டவாளச் சத்தம் கேட்டது.
ஆறு இருபது வண்டி.
அவன் இமை அசைந்ததா, தெரியாது.
அசைவுகளை நம்புவதை
அதற்குள் விட்டிருந்தேன்.

பதினோராம் நாள்.
கிண்ணத்தில் கம்பு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன்.
சுண்டுவிரல்
போர்வை நூலொன்றைத் தொட்டது,
விட்டது.

நான் கைதட்டவில்லை.
கூப்பிடவில்லை.
தலை தானாகத் திரும்பியது சுவர்ப்பக்கம்:
நாலு பதினேழு,
வினாடி முள் ஒன்பதில்.
எண்ண ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு எண்ணியபோது
கோணிய வாயிலிருந்து, பாதிச் சத்தமாக,
இருட்டில் கதவுக்கு வெளியே நிற்பவன் மாதிரி:
நான்தான்.

கரண்டி கிண்ணத்தில் விழுந்தது.
தெரியும் என்றேன்.
பதிமூன்று. பதினாலு.
முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை நான்.