பாக்கி ஒன்று

அதிகாலை மூன்றரை. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தை.
லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டு
ஒரு வாரமாய் மனப்பாடம் செய்த சீன வாக்கியத்தைச் சொன்னேன்:
"நான் இஞ்சி விற்கிறேன்."
சியூ கியோக் என் வெறுங்கையைப் பார்த்தாள்.
காலி லாரியை எட்டிப் பார்த்தாள்.
"எங்கே, காட்டு" என்றாள்.

வாங்குவதும் மை, விற்பதும் மை.
குரல் பள்ளத்தில் இறங்கி ஏறினால் வாங்குவது.
மேலிருந்து பொத்தென்று விழுந்தால் விற்பது.
நான் மூட்டை போடுகிறவன்,
எனக்கு எல்லாமே பொத்தென்றுதான் விழும்.

விலைச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்:
இது வாங்கு.
இதன் தலையில் பத்து என்ற எழுத்தை,
குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று, இரண்டே கோடு,
தூக்கி வைத்தால் விற்பனை.
அவ்வளவுதானா?
"வாங்கின விலை தலையில் பத்து வைக்காமல்
எவன் விற்பான்?"
அன்று மறந்துபோக முயன்றாலும் முடியவில்லை.

அவளுக்கு வேறு தொல்லை.
உணவுச் சுகாதாரத் தேர்வு, ஆங்கிலத்தில்.
நைஃப் என்ற சொல்லின் முன்னால் கே எதற்கு?
வாசலில் நிற்கிறது, வாயைத் திறப்பதில்லை.
ஒரு காலத்தில் அதுவும் பேசியதாம் என்றேன்.
வேலை போன பிறகும் சீருடையைக் கழற்றாத காவலாளி.
"சம்பளம்?"
எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பார்களே, அதுதான்.

பெட்டி எண்ணும்போது எனக்குப் பிடித்ததைச் சொன்னேன்:
இலெவன் என்றால், அதன் ஆதியில், பாக்கி ஒன்று.
டுவெல்வ், பாக்கி இரண்டு.
பத்து விரலும் தீர்ந்தபின் மிஞ்சியவை.
தர்ட்டீன் வந்ததும் அலுத்துப்போய் வழியை மாற்றிக்கொண்டார்கள்.
அவள் எண்ணினாள்: ஷி-யீ, ஷி-அர்.
நான் எண்ணினேன்: பதினொன்று, பன்னிரண்டு.
பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும்.
கணக்கில் நாங்கள் ஒரே தெரு.

கெச்சப் எங்கள் பக்கத்து மீன்சாறு என்பார்கள், என்றாள்.
மல்லிகடானி எங்கள் மிளகுத்தண்ணி, என்றேன்.
இரண்டு வீட்டிலும் கைமாற்று வாங்கி
பாத்திரத்தைத் திருப்பித் தராத அடுத்த வீட்டுக்காரன்
ஆங்கிலம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வயிறு பிசைந்தது. சொன்னேன்.
பூண்டு மூட்டைக்காரர்கள் வரை சிரித்தார்கள்.
என் முயலுக்கு வலி என்று சொல்லியிருக்கிறேன்.
வயிறும் தூ, முயலும் தூ,
தமிழ் நாக்குக்கு இரண்டும் ஒரே தகரம்.
ஒரு சீட்டைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்தாள்.
முயலுக்குக் காகிதம் பறக்க வேண்டும்.
வயிற்றுக்கு அசையக் கூடாது.
வயிற்றைப் பிடித்தபடி ஊதிக்கொண்டிருந்தேன்,
மாத்திரை பிறகுதான் வந்தது.

ஒன்றே ஒன்று எனக்குச் சும்மா கிடைத்தது.
ரென், மனிதன். அந்த ரகரத்துக்கு
வாழையின் ழவைத் தொடங்கிப் பாதியில் விட்டால் போதும்,
ஏறக்குறைய வந்துவிடும்.
"இது எப்படி?" என்று இரண்டு முறை கேட்டாள்.
பதில் சொல்லவில்லை. வியாபார ரகசியம்.

எட்டு மாதம் கழிந்தது.
தராசுக்குப் பின்னால் உதவிப் பையனிடம் சீனத்தில் சொல்கிறாள்:
"தேக்காக்காரனுக்குப் பதிமூன்று வெள்ளி சொல்."
நான் இஞ்சியை முகர்ந்துகொண்டே
சீனத்திலேயே சொன்னேன்:
பன்னிரண்டு. தலையில் பத்து ஏற்கெனவே இருக்கிறது.
பையன் கையிலிருந்த பெட்டி நழுவியது.
அவள் சிரித்த சிரிப்பில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்தான்.
பன்னிரண்டுக்கே கொடுத்தாள்.

மறுநாள் காது தீட்டிக்கொண்டு போனேன்.
தராசுக்குப் பின்னால் பேச்சு நடக்கிறது,
ஒரு சொல் கூடப் பிடிபடவில்லை.
தியோச்சு.

தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம்
என்று விரல் மடக்கிக்கொண்டு நின்றேன்.
பாக்கி ஒன்று.
"தியோச்சுவில் வாங்குவதற்கு என்ன?" என்று கேட்டேன்.
இரண்டு ஆள்காட்டி விரலையும் குறுக்காக வைத்துக் காட்டினாள்.
"சொல்லித் தர
பெட்டிக்குப் பத்துக் காசு."