மேல்மாடியில் யாருமில்லை

போயா தினம். கடை பூட்டு.
பில் எழுதும் விரலுக்கு லீவு.
எட்டு வருஷமாய்க் கடந்துபோன வாசலுக்குள்
இன்றைக்குத்தான் கால் வைத்தேன்.
டிக்கெட் மேசைக்காரர் கேட்டார்,
உள்ளூரா, வெளிநாடா?
அடுத்த தெரு என்றேன்.
அதற்கு விலை
பலகையில் எழுதியிருக்கவில்லை.

ஒல்லாந்தர் காலத்துக் கிடங்குக் கணக்கர் ஒருவரின் வீடாம்.
வழிகாட்டி துவான் ஸக்வான்,
கொம்பனித்தெருப் பெடியன்,
இங்கிலீஷில் தொடங்கி சிங்களத்தில் பகிடி விட்டு
என் பக்கம் திரும்பி
"விளங்குதா அக்கா?" என்றான்.
விளங்கியது.
கதிரைக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு,
தலை வைத்த பள்ளமில்லாத தலையணை,
ஆறு கோப்பை, தேத்தண்ணி இல்லை.
மூன்று மொழியிலும் அறிவித்தல்.
தமிழில் மட்டும் "தொடாதிர்கள்".
விழுந்த சுழியைத்
தரையில் தேடினேன், பழக்கதோஷம்.

கணக்கரின் பேனை கண்ணாடிக்குள்.
அவர் எழுதிய ஏலக்காய், கறுவா, கப்பல்.
என்னை மாதிரியே
ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறார்.

மாத்தறையிலிருந்து வந்த டீச்சர் கேட்டார்,
"சமைத்தவர்கள் எங்கே படுத்தார்கள்?"
ஸக்வான் பிடரியைச் சொறிந்தான்.
"அந்த அறை இப்ப ஸ்டோர், மிஸ்.
பிளாஸ்டிக் கதிரை அடுக்கியிருக்கு."
பூட்டைப் பார்த்தோம்.
பூட்டு புதுசு.

கடைசியாய் ஒரு கூரை ஓடு.
காயுமுன்னே அதன்மேல் நடந்துபோன
நாயின் நாலு விரல்.
அதற்குக் கயிறுமில்லை, பெயருமில்லை.
அதனிடம்தான் அதிக நேரம் நின்றேன்.

பிறகு தெரு.
செட்டியார் தெரு ஷட்டர்களெல்லாம் இறங்கி,
கோவில் வாசலில் மட்டும் பூ மணம்.
"போர்டுகளைப் பார்க்காதீங்க,
அண்ணாந்து பாருங்க" என்றான் ஸக்வான்.
அண்ணாந்தோம்.
சுண்ணாம்பில் செய்த கொடி, உடைந்த கிளி,
வளைந்த யன்னல், பச்சை மரச்சட்டம்.
"நூறு வருஷம் தாண்டின கட்டடம்.
மேல்மாடியில் இப்ப யாருமில்லை,
சாமான் போட்டு வைக்கிறாங்க."

என் யன்னல்.
என் கொடியில் என் துவாய்,
கடை முதலாளி வருஷப் பிறப்புக்குத் தந்தது,
மூலையில் மஞ்சள் கறை.
ஜெர்மன்காரி கமெராவை நீட்டி நீட்டி
அந்தக் கறைவரைக்கும் போனாள்.
நைட்டியைக் காலையிலேயே எடுத்தது
தெய்வச் செயல்.
உள்ளே நிறுத்த மறந்த ஃபேன்
ஓடிக்கொண்டிருந்தது.
டீச்சர் அதைக் கண்டார்.
"காத்து" என்றான் ஸக்வான்.

சொல்லியிருக்கலாம்.
அது என் கடலை ஊறுகிற வீடு,
லைட் பில் என் பேரில்தான் வருகிறது என்று.
ஆனால் எல்லாரும் அவ்வளவு மரியாதையாய்
அண்ணாந்து நின்றார்கள்.
நானும் காசு கொடுத்தவள்.
நானும் அண்ணாந்து பார்த்தேன்,
யாருமில்லாத அந்த மேல்மாடியை.
உண்மையாகவே வடிவாய் இருந்தது.

கூட்டம் மூலை திரும்பும்வரை
பிளேன்டீக் கடைக்குள் ஒளிந்திருந்துவிட்டு
படியேறினேன்.
முப்பத்தொரு படி.
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தேய்வு.
எட்டு வருஷமாய் நான் மட்டும் தேய்த்ததல்ல.

அடுத்த போயா.
துவாய் தோய்த்துக்கொண்டிருக்கையில்
கீழே அந்தக் குரல்,
"மேல்மாடியில் இப்ப..."

எட்டிப் பார்த்தேன்.
ஸக்வானின் வாய் திறந்தபடி நின்றது.
பத்துப் பன்னிரண்டு முகம்
மேலே, என்னை.
கையில் ஈரத் துவாய்.
என்ன செய்வது?
பிழிந்தேன்.
முதல் சொட்டு விழுந்ததும்
எல்லாரும் ஓரடி பின்னுக்குப் போனார்கள்,
குறுக்கே
கயிறு கட்டினமாதிரி.