தோளுக்கு ஏற்ற உதை

ஞாயிறு பூசைக்குக் கையில்லாத கவுன் போட்டது என் தப்பு.
வலது தோளில் கத்தரிக்காய் நிறத்தில்
ஒரு கையகலம் கன்றியிருந்தது.
நன்மை வாங்க வரிசையில் நின்றபோது
பின்னால் நின்ற மிஸஸ் பெரெய்ரா பார்த்துவிட்டாள்.
சாயங்காலத்துக்குள்
பெரம்பூர் ரயில்வே காலனி முழுக்கச் சேதி:
பேசில் பெண்டாட்டியை அடிக்கிறான்.
ஆறு மணிக்கு மெல்வின் மாமா வந்தார்,
இடுப்பு பெல்ட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு.

அடித்தது பேசில் இல்லை, மாமா.
அண்ணனுடைய முந்நூற்று எழுபத்தைந்து.
யானைக்காகச் செய்தது.
எண்ணூர் சவுக்குத் தோப்பில் ஒரே ஒரு தடவை சுட்டேன்.
குறிவைத்த டால்டா டின் நின்ற இடத்திலேயே நின்றது.
விழுந்தது நான்.

மாமா பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொள்ள
மூன்று ஓட்டை தேடினார். காப்பி குடித்தார். போனார்.

ஜனவரியில் நீலகிரி.
கடமான், ஆண், ஒன்று மட்டும் என்று
வனத்துறை முத்திரை குத்திய தாள்
என் பெயருக்கு வந்துவிட்டது.
லைசென்ஸும் என் பெயரில்தான்.
துப்பாக்கிதான் இல்லை.

மவுண்ட் ரோடு கடைக்கு மூன்று சனிக்கிழமை போனோம்.
நான் கேட்டதற்கெல்லாம் கடைக்காரர்
பேசிலைப் பார்த்தே பதில் சொன்னார்.
இலேசானதை எடுத்தால் உதை கூடுகிறது.
உதைக்காததை எடுத்தால்
மலைமேல் அதையும் அல்லவா சுமக்கவேண்டும்.
கனமும் உதையும் சரியாக அமைந்த ஒன்றைத்
தோளில் வைத்து மூச்சுப் பிடித்தேன்.
பேசில் அதன் விலைச்சீட்டை
ஓசையில்லாமல் கவிழ்த்து வைத்தான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குச் சம்பளம் நூற்று எழுபது.
பதினெட்டு வயதில் ஹாக்கி மட்டை உடைத்த
காறையெலும்பு
கோணலாகக் கூடியிருக்கிறது.
இந்த இரண்டும் தாங்கவேண்டும்.

எவெட் வீட்டார் பெர்த்துக்குக் கப்பலேறுகிற வாரம்
வாசலில் எல்லாவற்றையும் பரப்பியிருந்தார்கள்:
பியானோ, ஐஸ் பெட்டி, நாயின் கூண்டு
(நாயை ஏற்கெனவே யாரோ கொண்டுபோயிருந்தார்கள்).
கட்டிலுக்கு அடியிலிருந்து
கம்பளியில் சுற்றியதை இழுத்து வந்தாள்.
ஆறரை மில்லிமீட்டர். ஆஸ்திரியாவில் செய்தது.
கட்டையின் கழுத்தில் ஒரு விரிசல்,
அதன்மேல் நெருக்கமாகப் பித்தளைக் கம்பி.
“முந்நூறு கொடு. தோட்டா இருபத்தாறு இருக்கிறது.
அதற்கு மேல் எங்கே கிடைக்கும் என்று
என்னைக் கேட்காதே.”

சீட்டை நாற்பது தள்ளி எடுத்தேன்.
காகிதங்கள் என் பெயருக்கு மாறியதும்
மறுபடி எண்ணூர், மறுபடி டால்டா டின்.
கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன்.
சந்தைக் கூட்டத்தில் தெரிந்தவள் ஒருத்தி
தோளைத் தட்டிக் கூப்பிட்டாற்போல் இருந்தது.
கண்ணைத் திறந்தால் டின்னைக் காணோம்.
ஆசைக்கு இன்னும் இரண்டு.
மீதி இருபத்து மூன்று.

எங்கள் பக்கம் மேடு என்று பார்த்தால்
ரயில்வே நடைபாலம் ஒன்றுதான்.
போல்ட்டைக் கழற்றி வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டு
மிச்சத்தைப் படுக்கை விரிப்பில் சுருட்டி
விடியுமுன் ஏறி இறங்குகிறேன்,
முப்பத்தெட்டுப் படி, பத்துத் தடவை.
கேரேஜ் சங்கு ஊதும்போது தொடை நடுங்கும்.

நேற்று நடுப்படியில் கீரைக்காரி தேசம்மா
கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.
“இன்னாம்மா அது டெய்லி, ஜன்னல் கம்பியா?”
ஆமாம் என்றேன்.
“குடு பாப்போம்.”
வாங்கி ஒரு கையில் எடை பார்த்தாள்.
“இத்துக்கா இப்படி மூச்சு வாங்கறே?
ஒரு தபா இத்தத் தூக்கு.”

கூடையிலிருந்து தண்ணீர் காதில் சொட்டச் சொட்ட
பதினோரு படி ஏறினேன்.
பன்னிரண்டாவதில் உட்கார்ந்துவிட்டேன்.
கம்பியை ஊன்றிக்கொண்டு
மேலே பாலத்தில் நின்றவள்
கத்தினாள்:
“எழுந்து வா, கீரை வாடுது!”