நூற்றைம்பது மில்லிகிராம்

சித்திரை மூன்றாம் நாள், காலை பதினொன்று.
செக்காலைச் சாலையில் என் டீ ஆறுவதற்குள்
புகார் வந்துவிட்டது.
முத்திரை ஆய்வாளர் உடனே வர வேண்டுமாம்,
கையோடு எடைக்கற்களும்.

சாத்தப்பன் நகைக்கடை.
கல்லாவுக்கு இந்தப் பக்கம் உமையாள்.
ஓஸ்லோவிலிருந்து வந்து ஆறே நாள்,
உதட்டில் இன்னும் பனிவெடிப்பு.
"கொக்கி பற்றவைக்கத்தான் கொடுத்தேன்.
அங்கே நிறுத்தபோது நாற்பது கிராம்.
திரும்பி வந்தது முப்பத்தொன்பது புள்ளி எட்டு ஐந்து.
நூற்றைம்பது மில்லி எங்கே?"

"பத்தவச்சா பொடி சேரும் ஆத்தா, குறையாது."
சாத்தப்பன் தன் இயந்திரத்தில் சங்கிலியை வைக்கிறார்.
நாற்பது.
எடுத்து, துடைத்து, மறுபடி வைக்கிறார்.
நாற்பது.
அவள் கைப்பையிலிருந்து தன் தராசை எடுக்கிறாள்,
மூக்குப்பொடி டப்பா அளவுதான் இருக்கும்.
முப்பத்தொன்பது புள்ளி எட்டு ஐந்து.

பதினோரு வருஷமாய் ஆட்களையும் எடைபோட்டவன் நான்.
காதோரம் வியர்த்தால் தட்டுக்கு அடியில் காந்தம்.
தேவைக்கு மேல் சிரித்தால் புளி.
இங்கே வியர்வையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

பெட்டியைத் திறந்தேன்.
ஐம்பது கிராம் கல்லை இடுக்கியால் தூக்கி
அவள் தராசில் வைத்தேன்.
நாற்பத்தொன்பது புள்ளி எட்டு ஒன்று.

அரசாங்கக் கல்லே குறைகிறது.
மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"அங்கே நானேதான் கல் வைத்துச் சரிபார்த்தேன்" என்றாள்.
பிறகு மெதுவாக,
"அங்கே."
ரசீதின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டாள்,
வட்டத்தின் இடுப்பைக் கொஞ்சம் பெருக்க வைத்தாள்.

உருண்டை என்று எழுதி மார்க் வாங்கிய பூமி
உருண்டை இல்லை.
பூமத்திய ரேகையில் இருபத்தொரு கிலோமீட்டர்
தொப்பை போட்டிருக்கிறது.
தொப்பைமேல் நிற்பவனுக்கு மையம் தூரம்,
இழுப்பும் குறைவு.
போதாததற்கு ஓட்டம் வேறு.
இந்தக் கல்லா, இந்தத் தெரு, கொப்புடையம்மன் தெப்பக்குளம்
எல்லாம் மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல்
கிழக்கே பறந்துகொண்டிருக்கின்றன.
ஓஸ்லோவுக்கு அதில் பாதி வேகம்தான்.
மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லையாம்.
கனம் குறைந்ததால் அல்லவா
இன்று இந்தக் கடைக்கே பயம்.

இன்னும் தெற்கே போனால்,
இலங்கையைத் தாண்டி,
கடல் நூறு மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது.
பெரிய பள்ளம்.
எந்தக் கப்பலும் இறங்கியதாய் உணர்ந்ததில்லை,
ஏறியதாயும்.

"அப்ப நான் அங்க போனா?" சாத்தப்பன்.
அவர் தொண்ணூற்றிரண்டு கிலோ.
உமையாள் கணக்குப் போட்டாள்.
"உங்கள் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தால்
முந்நூற்றைம்பது கிராம் கூடுதலாய்க் காட்டும்."
"வேணாம்" என்றார்.

ஜீப்பில் என் இரட்டைத் தட்டுத் தராசு கிடந்தது.
அதற்கு இந்த வம்பே கிடையாது.
கல்லும் பொன்னும் சேர்ந்தே இளைக்கும்,
சேர்ந்தே கனக்கும்,
முள் அசையாது.
அது பூமியிடம் விலை கேட்பதில்லை.
இதை அதனிடம் கேட்கிறது,
அதை இதனிடம்.

பன்னிரண்டே கால்.
வெளியே வந்து பெட்டியை வண்டிமேல் வைத்தேன்.
ஐம்பது கிராம் பித்தளை நிமிர்ந்து நின்றது.
அதற்கு நிழல் இல்லை.
ரேகையை விட்டுக் கிளம்பிய சூரியன்
இருபத்தேழு நாள் நடந்து
சரியாக எங்கள் உச்சந்தலைக்கு வந்திருந்தது.
ஆவணியில் திரும்பும்போதும் ஒருமுறை நிற்கும்.
உமையாள் படியிறங்கி வந்தாள்.
அவள் நிழல் முழுவதும் செருப்புக்கடியில்.
சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்,
சுட்டதோ என்னவோ, முகம் சுளித்தாள்.
மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.
சாத்தப்பனும் எதிர்பார்த்ததாய்த் தெரியவில்லை,
கொக்கிக்கு உண்டான கூலியைத் தவிர.

படிவத்தில் இரண்டே கட்டம்:
வணிகர் பிழை. கருவிப் பிழை.
இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்:
இடம் மாறியது.

மேலதிகாரி விளக்கம் கேட்பார்.
கேட்கட்டும்.
அவருக்குச் சொந்த ஊர் ஊட்டி.
அங்கே இன்னும் கொஞ்சம் குறையும்.