கன்னச் சிவப்பு

ஆறு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.
கேட்பதற்கு முன்பே ஒத்துக்கொண்டார்கள்.
இருபது வருட வேலையில்
இத்தனை சுகமான வாக்குமூலம் எனக்கு வாய்த்ததில்லை.
ஆமாம் சார், தோண்டினோம்.
ஆமாம், நெஞ்சைப் பிளந்தோம்.
வைக்கோல் வாரும் கவைக்கோலில் இதயத்தைக் குத்தி
நாற்சந்தியில் சுட்டோம்.
சாம்பலைத் தண்ணீரில் கரைத்துப்
பிள்ளைக்குக் கொடுத்தோம்.
பிழைத்துக்கொண்டாள். அதையும் எழுதுங்கள்.

எழுதினேன்.
ஓல்ட் ஆற்றங்கரை, பிப்ரவரி, மைனஸ் பதினாறு.
பேனாவைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி
விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

செத்தவன் பந்தெலிமோன், எழுபத்தொரு வயது.
டிசம்பரில் தூக்கத்திலேயே போனவன்.
ஜனவரியில் பேத்தி இலின்கா படுத்தாள்.
தலைவலி, வாந்தி,
ராத்திரியில் நெஞ்சின் மேல் யாரோ உட்காருகிறார்கள் என்றாள்.
ஊருக்கு அது போதும்.
ஸ்ட்ரிகோய்.
புதைத்தும் அடங்காத ரத்தக்காட்டேரி.

"பெட்டியைத் திறந்தால் கன்னம் சிவந்திருக்கிறது சார்.
உதடு செரிப்பழம்.
எட்டு வாரப் பிணத்துக்கு எங்கிருந்து ரத்தம்?"
கேட்டவன் கொல்லன் நிகிஃபோர்.
நியாயமான கேள்வி.
அவனிடம் அதை யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

ஒருத்தி மட்டும் தடுத்திருக்கிறாள்,
மருமகள் லியோந்தினா.
மண்வெட்டிக் காம்பைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள்,
இந்தக் காலத்தில் காட்டேரியா என்று.
குறிப்பேட்டில் அவள் பெயருக்குக் கீழே கோடு போட்டேன்:
ஊரில் புத்தியுள்ள ஒரே ஆள்.

க்ராயோவாவிலிருந்து வந்த டாக்டர் ஸ்மரண்டா
பிணத்தைப் பார்த்துச் சிலுவை போடவில்லை.
கையுறையோடு சிகரெட் கேட்டார்,
பிறகு வேண்டாம் என்றார்.
"இது உயிரின் சிவப்பு இல்லை, இஸ்பாஸ்.
புகையின் சிவப்பு.
மூடிய அறையில் அடுப்பு பூசிவிட்டது."
தொடையில் எடுத்த ரத்தமும் மூன்றாம் நாள் அதையே சொன்னது:
கார்பன் மோனாக்சைடு.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
போகிற வழியை அடைத்துவிட்டால்
புகைவது தெரு வரை தெரியாது.

புகைபோக்கிக்குள் தோள் வரை கைவிட்டேன்.
வளைவில் சிக்கியிருந்தது
ஆட்டுத்தோல் அங்கியின் ஒற்றைக் கை,
கருகி, விறைத்து.
மிச்ச அங்கியை டிசம்பரிலேயே யாரோ உருவியிருக்கிறார்கள்.
அவசரத்தில் கிழிந்தது உள்ளே தங்கிவிட்டது.
பனி இறுகிய ராத்திரிகளில்
போக முடியாத புகை
சுவர் விரிசலில் நுழைந்து
பேத்தியின் கட்டிலைத் தேடிப் போயிருக்கிறது.
சாம்பல் குடித்த அன்று
காட்டேரி திரும்பி வருமென்று பயந்து
அவளைக் கொல்லன் வீட்டில் படுக்கவைத்தார்கள்.
அவ்வளவுதான் மருந்து.

அந்தக் கையை லியோந்தினாவின் மேசையில் வைத்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
அவள் அதைப் பார்த்தாள்.
சுவரைப் பார்த்தாள்.
விரிசலைப் பார்த்தாள்,
அதையொட்டி இருந்த சின்னக் கட்டிலையும்.
அதற்குப் பிறகு வந்த சத்தத்தை
எழுத எனக்கு எழுத்து தெரியவில்லை.

பேச்சு வந்தபோது பணத்தைப் பற்றித்தான் பேசினாள்.
ஸ்பெயினில் நான்கு பருவம் ஸ்ட்ராபெரி பறித்தது.
முதுகு நிமிராமல் அனுப்பிய ஒவ்வொரு யூரோவும்
மாமனார் பெயரில் போனது.
திரும்பி வந்ததும் அவன் பெட்டிக்குள் பூட்டிய பாஸ்போர்ட்.
"உயிரோடு இருந்தபோதுதான் உறிஞ்சினான்.
அப்போது ஒருவனும் மண்வெட்டி எடுக்கவில்லை."

விலங்கு மாட்டும்போது கேட்டாள்,
கொல்லன் வீட்டில் என்ன அடுப்பு என்று.
தெரியாது என்றேன்.
"ஜன்னலை ஒரு விரல் திறந்துவைக்கச் சொல்லுங்கள்."

போய்ச் சொன்னேன்.
நிகிஃபோர் ஜன்னல் சட்டத்தில் பூண்டு தேய்த்துக்கொண்டிருந்தான்.
"திறந்தால் அவன் உள்ளே வருவானே சார்?"
உள்ளறையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்,
அடுப்பின் சூட்டில் கன்னம் சிவந்து.
எந்தச் சிவப்பு என்று
நின்று பார்த்தேன் வெகுநேரம்.
பிறகு நானே போய்த் திறந்தேன்,
ஒரு விரல்.